ஈஸ்ட் வண்டி: ஃப்ளைஷ்மன் கம்பெனி உண்மையில் என்னத்தை விற்றது?

பொள்ளாச்சி பேக்கரிக்காரன் எழுதியது:

22 வருஷமாகப் பன்னும் பிரெட்டும் போட்டு விற்கிறேன். மைதா எந்த மில், டால்டா எந்த ஊர், சர்க்கரை என்ன ரேட் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஈஸ்ட்டைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. வரும், போடுவோம், உப்பும். போன மாதம் முட்டிவலியில் பத்து நாள் படுத்துக் கிடந்தபோது இந்த ஈஸ்ட் வியாபாரத்தை ஆரம்பித்தது யார் என்று நோண்ட ஆரம்பித்து, ஃப்ளைஷ்மன் கம்பெனியில் போய் நின்றேன். அப்புறம் வலி கூட மறந்துவிட்டது.

கதை வியன்னாவில் தொடங்குகிறது. ரொட்டிக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் ஈஸ்ட் என்றால் பீர் காய்ச்சுகிறவன் பாத்திரத்தின் மேலே மிதக்கும் நுரைதான். வழித்துக் கொடுப்பான், வாங்கி வருவார்கள். 1840களில் பீர்க்காரர்கள் லாகர் என்ற பீர் வகையின் பக்கம் சாய்ந்தார்கள். லாகர் ஈஸ்ட் அடியில் படியும், குளிரில் வேலை செய்யும், ரொட்டிக்குச் சரிப்படாது. ரொட்டிக்காரர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களுடைய சங்கமே பரிசு அறிவித்து, யாராவது நல்ல ஈஸ்ட் செய்து கொடுங்கள் என்று கேட்டது. அடால்ஃப் மௌட்னர் என்பவர் தானியக் கூழில் ஈஸ்ட்டை வளர்த்து, நுரையை வழித்து, கழுவி, தண்ணீரைப் பிழிந்து கட்டியாக்கிக் கொடுத்தார். அதுதான் பிரஸ் ஈஸ்ட். இன்றைக்கும் நம் ஃப்ரிட்ஜில் இருக்கும் அந்த வெண்ணெய் நிறக் கட்டிக்குத் தாத்தா.

ஆஸ்திரியப் பேரரசில் பிறந்து வடிசாலை வேலை தெரிந்த சார்ல்ஸ் ஃப்ளைஷ்மன், 1860களில் அமெரிக்கா போகிறார். அங்கே சாப்பிட்ட ரொட்டி வாயில் வைக்க முடியவில்லை என்பது கம்பெனி சொல்லும் கதை. கம்பெனிக் கதைகளை நான் பாதிதான் நம்புவேன். ஆனால் அமெரிக்க வீடுகளில் அப்போது உருளைக்கிழங்குத் தண்ணீரிலும் ஹாப்ஸ் கஷாயத்திலும் ஆளாளுக்கு ஒரு புளிப்பு வைத்துக்கொண்டிருந்தது நிஜம். ஒருநாள் உப்பும், ஒருநாள் கல்லாகும். 1868ல் சின்சினாட்டியில் தம்பி மாக்ஸிமிலியனோடும், ஜேம்ஸ் காஃப் என்ற வடிசாலை முதலாளியோடும் சேர்ந்து கட்டி ஈஸ்ட் செய்ய ஆரம்பித்தார்கள்.

காஃப் ஏன் உள்ளே வந்தார் என்பதில் இருக்கிறது சூட்சுமம். ஒரே தானியக் கூழ். மேலே வருவது ஈஸ்ட், மிச்சத்தைக் காய்ச்சினால் சரக்கு. 1870லேயே ஜின் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். மாட்டை வாங்கிப் பாலையும் விற்று, சாணியையும் வறட்டி தட்டி விற்பது மாதிரி.

மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

---

ஸ்காபரோ சிவா எழுதியது:

அண்ணை, நல்ல இழை. நான் கனடாவில 30 வருசமா இருக்கிறன். எங்கட வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில அந்த மண்ணிறப் போத்தல் எப்பவும் இருக்கும். ஃப்ளைஷ்மன் எண்டு எழுதியிருக்கும். மனிசி பாண் சுடுறதும் அதிலதான், பணிஸ் செய்யிறதும் அதிலதான். யார் இந்த ஆள் எண்டு நானும் ஒருநாளும் யோசிச்சதில்லை.

ஒரு விசயம் சொல்லோணும். நாங்கள் இலங்கையில படிச்ச விஞ்ஞானப் புத்தகத்தில ஈஸ்டுக்கு 'மதுவம்' எண்டுதான் பேர். நீங்கள் ஜின் கதை சொன்னோடன அதுதான் ஞாபகம் வந்தது. பேரிலேயே மது இருக்குது. ஊரில அம்மம்மா அப்பத்துக்கு மாக் கரைச்சு, பின்னேரம் கள்ளு வாங்கி விட்டுத்தான் புளிக்க வைக்கிறவ. அதுவும் இதே மதுவம்தானே. ஃப்ளைஷ்மன் செய்தது அந்தக் கள்ளில இருந்து குடிக்கிறதை ஒரு பக்கமும் புளிக்க வைக்கிறதை மற்றப் பக்கமும் பிரிச்சு, ரெண்டுக்கும் தனித்தனி விலை போட்டதுதான் போல.

---

மாஸ்டர் செல்வம் எழுதியது:

கட்டி ஈஸ்ட்ட பத்தி பேசறதால சொல்றேன். நல்ல ஈஸ்ட்ட கைல எடுத்து ஒடைச்சா சாக்பீஸ் மாதிரி பொட்டுனு ஒடையணும். கொழகொழன்னு வெரல்ல ஒட்டுனா செத்துப்போச்சுன்னு அர்த்தம். மோந்து பாத்தா லேசா பழ வாசன வரணும். அழுகுன வாசன வந்தா குப்பைல போடு. ஓரம் காஞ்சு பழுப்பா இருந்தா வெட்டிட்டு உள்ள இருக்கறத பாருங்க.

சித்திர வெயில்ல மூணு மணிநேரம் கரண்ட் போச்சுன்னா முழுப் பெட்டியும் காலி. நான் சின்ன வயசுல வேல பாத்த ஒரு கடைல ஐஸ் பொட்டில வந்த ஈஸ்ட் வெயில்ல நின்னு வந்துச்சு. தெரியாம 60 கிலோ மாவு போட்டோம். விடிய விடிய உக்காந்திருந்தோம், உப்பவே இல்ல. மொதலாளி யார் மேல கத்தறதுன்னு தெரியாம எங்க மேல கத்துனாரு.

---

பொள்ளாச்சி பேக்கரிக்காரன் எழுதியது:

மாஸ்டர் அண்ணே, நீங்கள் சொன்ன அந்த 60 கிலோ மாவுதான் இந்தக் கம்பெனியின் மொத்த வரலாறு. வருகிறேன்.

முதலில் 1876. அமெரிக்கா சுதந்திரம் அடைந்து நூறு வருஷம் ஆனதற்கு ஃபிலடெல்ஃபியாவில் பெரிய கண்காட்சி. சுமார் 1 கோடிப் பேர் வந்து போனார்கள். ஃப்ளைஷ்மன் ஆட்கள் அங்கே ஸ்டால் போட்டு ஈஸ்ட் கட்டியை அடுக்கிவைக்கவில்லை. ஒரு முழு பேக்கரியையே கட்டினார்கள். 'வியன்னா மாதிரி பேக்கரி' என்று பெயர். மாவு பிசைவது, உப்புவது, அடுப்பில் போவது எல்லாம் கண் முன்னால். பக்கத்திலேயே காபி. சூடான ரோலைப் பிய்த்து வாயில் போட்டவனிடம் ஈஸ்ட்டைப் பற்றித் தனியாக என்ன விளக்க வேண்டியிருக்கிறது? அதுவரை தத்தளித்துக்கொண்டிருந்த கம்பெனி அந்தக் கண்காட்சிக்குப் பிறகு நிமிர்ந்தது.

---

வேதியியல் வாத்தியார் எழுதியது:

இடையில் ஒரு சுவாரஸ்யம். வியன்னா ரொட்டிக்கு அமெரிக்காவில் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் எபன் ஹோர்ஸ்ஃபோர்ட். 1873 வியன்னா உலகக் கண்காட்சிக்குப் போய்வந்து, அந்த ஊர் ரொட்டியைப் பற்றி அமெரிக்க அரசுக்கு ஒரு தடிமனான அறிக்கை எழுதினார். மாவு, அரவை, பிரஸ் ஈஸ்ட், அடுப்பில் நீராவி என்று எதையும் விடாமல் புகழ்ந்திருப்பார்.

வேடிக்கை என்னவென்றால் இந்த மனிதர்தான் பேக்கிங் பவுடருக்குக் கால்சியம் பாஸ்பேட் அமிலத்தைக் கொண்டுவந்து, 1856ல் காப்புரிமை வாங்கி, ரம்ஃபோர்ட் கெமிக்கல் ஒர்க்ஸ் நடத்தியவர். ஈஸ்ட்டே வேண்டாம் என்று பவுடர் விற்றவர், ஈஸ்ட் ரொட்டிக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அறிக்கை 1875ல் அச்சானது. அடுத்த வருஷம் ஃப்ளைஷ்மன் கண்காட்சியில் கடை போடுகிறார். ஊரெல்லாம் வியன்னா ரொட்டி பற்றிய பேச்சு இருந்த நேரம் பார்த்து அடித்திருக்கிறார்.

---

பொள்ளாச்சி பேக்கரிக்காரன் எழுதியது:

வாத்தியார் ஐயா, இது எனக்குத் தெரியாது. நன்றி.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். ஃப்ளைஷ்மன் விற்றது ஈஸ்ட் இல்லை. வண்டியை விற்றார்கள்.

கட்டி ஈஸ்ட்டில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். உயிருள்ள சரக்கு. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது, அதுவும் குளிரில் வைத்தால். 1880ல் ஏது ஃப்ரிட்ஜ்? ஆக, தொழிற்சாலையில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பிரயோசனமில்லை. பேக்கரி வாசலுக்கு அது உயிரோடு போய்ச் சேர வேண்டும். அவர்கள் ஊர் ஊராகக் குதிரை வண்டி விட்டார்கள். மளிகைக்கடை, பேக்கரி, எதையும் விடவில்லை. பிறகு லாரி. 1900 வாக்கில் நியூயார்க்குக்கு வடக்கே பீக்ஸ்கில் என்ற ஊரில் ஆற்றோரமாக மிகப் பெரிய ஆலை கட்டினார்கள். அந்த இடத்துக்கு இன்றும் சார்ல்ஸ் பாயின்ட் என்றுதான் பெயர்.

வண்டிக்காரன் சரக்கு இறக்கிவிட்டுப் போய்விட மாட்டான். மாவு ஏன் உப்பவில்லை, அடுப்புச் சூடு சரியா என்று பேக்கரிக்காரனோடு பேசுவான். மாஸ்டர் செல்வம் அண்ணன் வேலை பார்த்த கடைக்கு அப்படி ஒருத்தன் வந்திருந்தால் 60 கிலோ மாவு வீணாகியிருக்காது. எனக்கும் தேவை அதுதான். உலகத்திலேயே சிறந்த ஈஸ்ட் வேண்டாம். நேற்று 45 நிமிஷத்தில் உப்பிய மாவு இன்றைக்கும் 45 நிமிஷத்தில் உப்ப வேண்டும். பையன்களுக்கு நான் கொடுக்கும் நேரக் கணக்கு எல்லாம் அதை நம்பித்தான் இருக்கிறது.

---

விளம்பரக்காரி மீரா எழுதியது:

அண்ணா, வண்டிக் கதை அழகாக இருக்கிறது. ஆனால் நீங்கள் கம்பெனியைக் கோயிலில் வைத்துவிடுவீர்கள் போல. என் தொழில் விளம்பரம் என்பதால் அடுத்த அத்தியாயத்தை நான் எழுதுகிறேன்.

1900க்குப் பிறகு அமெரிக்கப் பெண்கள் வீட்டில் ரொட்டி சுடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார்கள். கடை ரொட்டி வந்துவிட்டது. பெரிய பேக்கரிகள் வாங்கினாலும், மளிகைக்கடையில் சின்னக் கட்டி வாங்கிய வீட்டுக்காரி காணாமல் போனாள். அவளை எப்படித் திரும்பக் கூட்டிவருவது? சுடாவிட்டால் போகட்டும், அப்படியே தின்னட்டும்!

நிஜமாகவே அதைத்தான் செய்தார்கள். ஜே. வால்டர் தாம்ப்ஸன் ஏஜென்சி 1920களில் நடத்திய 'உடல்நலத்துக்கு ஈஸ்ட்' பிரச்சாரம். வெள்ளித்தாளில் சுற்றிய பச்சை ஈஸ்ட் கட்டியை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தின்னச் சொன்னார்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம், பிஸ்கட்டில் தடவியும் தின்னலாம். மலச்சிக்கல், முகப்பரு, சோர்வு எல்லாம் போகுமாம். வெள்ளைக்கோட்டு மருத்துவர்களின் படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டார்கள், அதிலும் ஐரோப்பிய மருத்துவர்கள்தான் அதிகம். வைட்டமின் என்ற வார்த்தையே அப்போது புதுசு. ஈஸ்ட்டில் பி வைட்டமின் இருப்பது உண்மை. அந்த ஒரு உண்மையின் முதுகில் பத்துப் பொய்யை ஏற்றினார்கள். 1929லிருந்து என்பிசி வானொலியில் ரூடி வாலி பாடி நடத்திய மணிநேர நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்ததும் இதே ஈஸ்ட்தான். கடைசியில் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் தலையிட்டு இந்த மருத்துவப் பேச்சுக்கெல்லாம் கடிவாளம் போட்டது.

உங்கள் வண்டிக்காரர் எந்த மளிகைக்கடைக்கு ஈஸ்ட் கொண்டுபோனாரோ, அதே கடையில்தான் இந்தக் கூத்தும் நடந்தது.

---

மாஸ்டர் செல்வம் எழுதியது:

பச்ச ஈஸ்ட்ட தின்னா வயிறு பொம்முனு ஆகும்மா. நாங்க பந்தயம் கட்டி தின்னுருக்கோம். வாய்ல போட்டா ஈர மண்ணு மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு மூணா!!

---

பொள்ளாச்சி பேக்கரிக்காரன் எழுதியது:

மீராம்மா, ஒப்புக்கொள்கிறேன். அது அசிங்கம்தான். கோயிலில் வைக்கவில்லை.

ஆனால் நீங்கள் சொன்னதே என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. வண்டி தினமும் மளிகைக்கடைக்குப் போயே ஆக வேண்டும், கூடையோ காலியாகிறது. கூடையில் எதையாவது போட வேண்டுமே! 1929ல் ஜே.பி. மார்கன் வங்கிக்காரர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். ஃப்ளைஷ்மன், ராயல் பேக்கிங் பவுடர், சேஸ் அண்ட் சான்போர்ன் காபி எல்லாவற்றையும் சேர்த்து ஸ்டாண்டர்ட் பிராண்ட்ஸ் என்று ஒரே கம்பெனி ஆக்கினார்கள். வறுத்த காபிக்கு ஆயுசு குறைவு. ஈஸ்ட் வண்டியிலேயே அதையும் ஏற்றி, டப்பாவில் தேதி போட்டு, பழசைத் திரும்ப எடுத்து, 'தேதியிட்ட காபி' என்று விளம்பரம் செய்தார்கள். பல காலம் சண்டைக்கோழிகளாக இருந்த ஈஸ்ட்டும் பேக்கிங் பவுடரும் ஒரே முதலாளி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டதைக் கவனியுங்கள். வாத்தியாரின் ஹோர்ஸ்ஃபோர்ட் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

---

நுண்ணுயிர் மணி எழுதியது:

தொழில்நுட்பப் பக்கம் யாரும் தொடவில்லையே. ஈஸ்ட் ஆலையில் ஆறு வருஷம் ஷிப்ட் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

பழைய வியன்னா முறையில் ஈஸ்ட் குறைவு, சாராயம் அதிகம். சர்க்கரை நிறைய இருக்கும் தொட்டியில் ஈஸ்ட் சோம்பேறி. காற்று ஊதினாலும் சர்க்கரையைச் சாராயமாக்கிவிட்டு உட்கார்ந்துகொள்ளும், குட்டி போடாது. அதனால்தான் ஃப்ளைஷ்மனுக்கு ஜின் தொழில் கூடவே தேவைப்பட்டது. முதல் உலகப்போரை ஒட்டி ஜெர்மனியில் ஹைடுக், டென்மார்க்கில் சாக் ஆகியோர் இதை மாற்றினார்கள். எல்லாச் சர்க்கரையையும் முதலிலேயே கொட்டாதே, ஈஸ்ட் வளர வளரச் சொட்டுச் சொட்டாக ஊட்டு, அடியிலிருந்து காற்றைப் பலமாக ஊது. தானியத்துக்குப் பதில் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, கூடவே அம்மோனியா உப்பு. கைக்குழந்தைக்குப் பாலாடையில் ஊட்டுகிற மாதிரி. அப்படிச் செய்தால் சாராயம் கிட்டத்தட்ட வராது, எல்லாம் ஈஸ்ட்டாகவே வளரும்.

நேரம் எப்படி அமைந்தது பாருங்கள். 1920ல் அமெரிக்காவில் மதுவிலக்கு. பழைய முறையிலேயே இருந்திருந்தால் பாதித் தொழில் படுத்திருக்கும். பிரித்தெடுத்த ஆல்கஹாலை வினிகர் ஆக்கி விற்றதும் இதே கம்பெனிதான்.

ஷிப்டில் கேட்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காற்று ஊதும் மோட்டார் நின்றால் எல்லோரும் ஓடுவோம். ஒரு கிராம் கட்டி ஈஸ்ட்டில் ஏறக்குறைய 1000 கோடிச் செல்கள். தொட்டியில் எத்தனை டன் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் மூச்சு முட்டும்.

---

ஸ்காபரோ சிவா எழுதியது:

மணி தம்பி சொன்னது அருமை. நான் எங்கட போத்தலுக்கு வாறன். அதுக்குள்ள இருக்கிறது கட்டி இல்லை, கடுகு மாதிரி உலர்ந்த மணி. அது ரெண்டாம் உலக யுத்தத்தில வந்தது. பட்டாளம் போற இடமெல்லாம் ஐஸ் பெட்டி கொண்டுபோக ஏலாது. அதுக்காக ஃப்ளைஷ்மன் ஆக்கள் குளிர் தேவைப்படாத உலர் ஈஸ்ட் செய்து அமெரிக்க இராணுவத்துக்குக் குடுத்தவை. இளஞ்சூட்டுத் தண்ணியில போட்டா எழும்பும். பிறகு 1984ல ஊற வைக்காமலே மாவில நேரா போடுற 'ராப்பிட் ரைஸ்' வந்தது.

அண்ணை, உங்கட வாதத்துக்கு இது ஆப்புத்தானே? உலர் ஈஸ்ட் வந்தால் தினமும் வண்டி தேவையில்லை. தங்கட வண்டியைத் தாங்களே கவிழ்த்துப்போட்டினம்.

---

பொள்ளாச்சி பேக்கரிக்காரன் எழுதியது:

சிவா அண்ணே, மடக்கிவிட்டீர்கள். வீட்டுக்காரர்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பெரிய பேக்கரிகளில் மட்டும் இன்னும் வண்டிதான். இப்போது கட்டி கூட இல்லை, கூழாகவே டேங்கரில் வந்து குழாயில் இறங்குகிறது. என்னைப் போன்ற நடுத்தரக் கடைக்காரன் இரண்டுக்கும் நடுவில்: சரக்கு அதிகம் போகும்போது கட்டி, ஆபத்துக்கு உலர் பாக்கெட்.

கம்பெனி கைமாறிய கதையைச் சுருக்கிவிடுகிறேன். 1981ல் ஸ்டாண்டர்ட் பிராண்ட்ஸ் நபிஸ்கோவோடு சேர்ந்தது. 1985ல் சிகரெட் கம்பெனி ரெனால்ட்ஸ் அதை விழுங்கியது. மறு வருஷமே ஈஸ்ட்டை மட்டும் ஆஸ்திரேலியாவின் பர்ன்ஸ் பில்ப்புக்கு விற்றார்கள். அந்த ஆஸ்திரேலியக் கம்பெனி 1883ல் ஆரம்பித்தது. கப்பல், கொப்பரை, தென்கடல் தீவு வியாபாரம். மௌரி சகோதரர்களின் ஈஸ்ட் தொழில் ஏற்கனவே அவர்கள் கைக்கு வந்திருந்தது. பிறகு மசாலாத் தொழிலில் இறங்கி, மெக்கார்மிக் என்ற அமெரிக்க மசாலாக் கம்பெனியோடு மோதி, 1997ல் திவாலாகாத குறை. 2004ல் பிரிட்டனின் அசோசியேட்டட் பிரிட்டிஷ் ஃபுட்ஸ் ஈஸ்ட், மசாலா எல்லாவற்றையும் சேர்த்து 135 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அவர்களுடைய ஈஸ்ட் கம்பெனிக்கு ஏபி மௌரி என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

---

விளம்பரக்காரி மீரா எழுதியது:

'தென்கடல் தீவு வியாபாரம்' என்று சும்மா கடந்துபோகாதீர்கள். பர்ன்ஸ் பில்ப்பின் 'ஹோப்ஃபுல்' கப்பல் 1884ல் நியூகினிப் பக்கத் தீவுகளிலிருந்து ஆட்களைப் பிடித்துக் குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனது. ஆள்கடத்தலும் கொலையும் நடந்து, கப்பல்காரர்கள் மேல் வழக்கு நடந்தது. நம் ஊர் ஆட்களும் கங்காணி சொல்லைக் கேட்டுக் கரும்புக்கும் தேயிலைக்கும் கப்பல் ஏறியவர்கள்தானே. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

---

பொள்ளாச்சி பேக்கரிக்காரன் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். அதை நான் எழுதியிருக்க வேண்டும்.

---

வேதியியல் வாத்தியார் எழுதியது:

குடும்பத்தைப் பற்றி ஒன்றிரண்டு. சார்ல்ஸ் 1897ல் இறந்தார். மகன் ஜூலியஸ் சின்சினாட்டி மேயராக இருந்தவர். 1925ல் குதிரைமேல் போலோ ஆடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போயிற்று. சார்ல்ஸின் இன்னொரு சகோதரர் லூயி, நியூயார்க் பிராட்வேயில் வியன்னா பேக்கரி நடத்தினார். அன்றைய மிச்ச ரொட்டியை நடுராத்திரிக்குமேல் வரிசையில் நின்றவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பார். பசித்தவர்கள் நிற்கும் ரொட்டி வரிசை என்று அமெரிக்காவில் சொல்லும்போது முதலில் நினைவுக்கு வருவது அந்த வாசல்தான். லூயியின் மகன் ரவூல் 1925ல் 'நியூயார்க்கர்' பத்திரிகைக்கு 25,000 டாலர் போட்டு, மூழ்கிக்கொண்டிருந்த அதை மேலும் மேலும் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தினார். அந்தப் பத்திரிகையின் முதல் மூலதனத்தில் ரொட்டிக் காசு இருக்கிறது.

---

மாஸ்டர் செல்வம் எழுதியது:

பத்திரிகை கதையெல்லாம் நமக்கு வேணாம் சார். மணி தம்பிகிட்ட ஒரு கேள்வி. கட்டி 100 கிராம் போடற எடத்துல ஒலந்தது எவ்வளவு போடணும்? நான் 40 போடறேன். மொதலாளி 33 போதும்ங்கறாரு.

---

நுண்ணுயிர் மணி எழுதியது:

மாஸ்டர், ஊற வைக்காமல் நேரடியாகப் போடும் இன்ஸ்டன்ட் என்றால் 33 போதும். ஊற வைத்துப் போடும் பழைய ரகம் என்றால் 40. பாக்கெட்டில் எது என்று பாருங்கள். ஐஸ் தண்ணீரில் மட்டும் நேரடியாகப் போட்டுவிடாதீர்கள்.

---

மாஸ்டர் செல்வம் எழுதியது:

பாக்கெட்ட பாத்தேன் தம்பி. இன்ஸ்டன்ட்டுதான். மொதலாளிகிட்ட இப்பவே சொல்ல மாட்டேன், நாளைக்கு ஒரு நட மாவு போட்டுப் பாத்துட்டு சொல்றேன்.